டர்பனில் எலும்பு ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு: மருத்துவர் கடிதம் முதல் ரிப்போர்ட் வரை

"புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகுதான் அலைச்சல். கடிதத்தில் ஒரு வரி குறைந்ததால் திரும்பி வந்தவர்கள் உண்டு. மெடிகல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) அனுமதி எண் இல்லாமல் கவுன்டரில் நின்றவர்கள் உண்டு. வெறும் வயிற்றோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, படம் மங்கலாகி மறுபடி வரச் சொல்லப்பட்டவர்களும் உண்டு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து பெரியவர்களை அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கும், கோயில் வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து தென்னாப்பிரிக்க முறைகள் இன்னும் பிடிபடாதவர்களுக்கும் இது.

முதலில் ஓர் எச்சரிக்கை. புற்றுநோயாளிக்குத் திடீரென்று கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, முதுகுவலி படுத்தால் இன்னும் கூடுவது போன்றவை இருந்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே தேவைப்படுவது எம்ஆர்ஐ. மணிக்கணக்கில் தாமதமானாலும் நடக்கும் சக்தி போய்விடக்கூடும்.

1. இந்த ஸ்கேன்தான் தேவையா என்று கேளுங்கள்

எலும்பு ஸ்கேன் புற்றுநோய் செல்லை நேரடியாகப் பார்ப்பதில்லை. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை எம்டிபி போன்ற பாஸ்பேட் வகை மருந்தோடு சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். எலும்பு எங்கே வேகமாகப் புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே அது அதிகம் ஒட்டும். புற்று அரிக்கும் இடத்தில் எலும்பு தன்னைச் சரிசெய்ய முயல்கிறது, அதனால் அங்கே கரும்புள்ளி தெரிகிறது. பழைய முறிவும் மூட்டுத் தேய்மானமும் அதே காரணத்தால் அதே மாதிரிப் புள்ளியைக் காட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பாதி விஷயங்கள் தானாகப் புரியும்.

புரோஸ்டேட், மார்பகம், நுரையீரல் புற்றுகளுக்கு இது நன்றாகப் பயன்படும். மல்டிபிள் மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றில் எலும்பு கரைகிறதே தவிரப் புதிதாகக் கட்டப்படுவது குறைவு. அதனால் நோய் இருந்தும் ஸ்கேன் சுத்தமாக வரலாம். சிறுநீரக, தைராய்டு புற்றுகளிலும் இந்த ஆபத்து உண்டு. அவர்களுக்கு வேறு பரிசோதனை பொருத்தமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை எண்) 10-க்குக் கீழே, க்ளீசன் (பயாப்சியில் கட்டியின் வீரியத்துக்குத் தரும் எண்) 6, கட்டி சிறியது என்ற நிலையிலுள்ள புரோஸ்டேட் நோயாளிக்கும், ஆரம்பக் கட்டத்தில் எந்த எலும்பு வலியும் இல்லாத மார்பகப் புற்று நோயாளிக்கும் வழக்கமாக இந்த ஸ்கேன் பரிந்துரைக்கப்படுவதில்லை. தேவையில்லாமல் எடுத்தால் தேய்மானப் புள்ளி ஒன்று தெரிந்து, அதைத் துரத்திக்கொண்டு இன்னும் மூன்று பரிசோதனை செய்ய வேண்டிவரும். "எனக்கு இது எதற்காக, முடிவு வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

2. கடிதத்தைக் கையில் வாங்கியவுடன் அங்கேயே படியுங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமானது இந்தப் படி. "போன் ஸ்கேன் செய்யவும்" என்று மட்டும் எழுதிய கடிதம் போதாது. அதில் இருக்க வேண்டியவை: பயாப்சி முடிவும் தேதியும், எந்தப் புற்று, எந்தக் கட்டம், பிஎஸ்ஏ அல்லது ஆல்கலைன் பாஸ்படேஸ் ரத்தப் பரிசோதனை எண்கள், எங்கே வலி, எத்தனை நாளாக, இதுவரை நடந்த அறுவை, கதிர்வீச்சு, கீமோ, ஹார்மோன் ஊசி ஆகியவற்றின் தேதிகள், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பது.

அதோடு நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீடு. இது இல்லாமல் மெடிகல் எய்ட் கோரிக்கை நகராது. புரோஸ்டேட் புற்றுக்கு சி61, மார்பகப் புற்றுக்கு சி50 வரிசை. எலும்பில் பரவிய புற்றுக்கு சி79.5. பரவல் இன்னும் உறுதியாகாதபோது சி79.5 எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சந்தேகத்தை உறுதியான நோயாகக் குறிக்கக் கூடாது. பணம் கட்டும் நேரத்தில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஏன் என்பது 4-ஆம் படியில்.

மருத்துவர் எழுத மறப்பதும் நீங்கள் சொல்ல மறப்பதும் ஒன்றே: கீழே விழுந்த கதை. குளியலறையில் வழுக்கி விழுந்தது, மூன்று மாதத்துக்கு முன் பல் பிடுங்கியது, மாற்று இடுப்பு மூட்டு, பழைய கார் விபத்து, முதுகில் போட்ட ஸ்க்ரூ எல்லாமே படத்தில் தெரியும். ஒரு தாளில் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். தாத்தா, பாட்டிகளிடம் "விழுந்தீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எங்கேயாவது வீங்கியதா, எண்ணெய் போட்டுத் தேய்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், வந்துவிடும்.

3. எந்த வழி, எந்தக் காகிதங்கள்

அரசு வழியில் நேரடியாகப் போய் வரிசையில் நிற்க முடியாது. உள்ளூர் கிளினிக்கோ மாவட்ட ஆஸ்பத்திரியோ மேலே அனுப்ப வேண்டும். புற்றுநோய்ப் பிரிவு ஸ்கேனுக்கு எழுத வேண்டும். டர்பனில் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனையில் இந்த ஸ்கேனை எடுக்கும் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. அது பரிந்துரையின் பேரில் மட்டும் நோயாளிகளை ஏற்கும் இடம். ஜோஹன்னஸ்பர்க்கில் சார்லட் மக்செக்கே, பிரிட்டோரியாவில் ஸ்டீவ் பிக்கோ, கேப் டவுனில் க்ரூட்ட ஸ்கூர், டைகர்பெர்க் மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு.

கையில் இருக்க வேண்டியவை: பச்சை ஐடி புத்தகம் அல்லது ஸ்மார்ட் ஐடி அட்டை, வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட்டும் விசா அல்லது வேலை அனுமதித் தாளும், முகவரிச் சான்று (முனிசிபல் பில் போதும்), மூன்று மாதச் சம்பளச் சீட்டு அல்லது சாசா (அரசு உதவித்தொகை அலுவலகம்) தரும் உதவித்தொகைச் சான்று, பரிந்துரைக் கடிதம், பயாப்சி ரிப்போர்ட், பழைய எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், மற்ற ஸ்கேன் படங்கள். பில் வேறு பெயரில் இருந்தால் போலீஸ் நிலையத்தில் இலவசமாக அஃபிடவிட் செய்து தருவார்கள். நகல்களுக்குச் சான்று முத்திரையும் அங்கேயே வாங்கலாம். கோயில் வளாகத்தில் தங்கியிருக்கும் அர்ச்சகர்களுக்கும் கலைஞர்களுக்கும் முகவரிச் சான்றுதான் பெரும் தடை. கோயில் நிர்வாகத்தின் கடிதத்தோடு அஃபிடவிட்டையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

பழைய படங்களை ரிப்போர்ட்டாக மட்டும் கொண்டுவராதீர்கள். கணினியில் போட்டுப் பார்க்கும் குறுந்தட்டில் படமே வேண்டும். "முதுகெலும்பில் மாற்றம்" என்ற ஒரு வரியைப் படிப்பதற்கும், அந்த மாற்றம் இரண்டு வருடமாக நகராமல் அப்படியே இருப்பதைக் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

4. பணம்

அரசு மருத்துவமனையில் வருமானத்தை வைத்து எச் 0, எச் 1, எச் 2, எச் 3 என்று வகைப்படுத்துவார்கள். முதியோர் உதவித்தொகை வாங்குவோருக்கும், வேலையில்லாதவர் என்று பதிவுள்ளவருக்கும் எச் 0, அதாவது கட்டணமில்லை. சான்று காட்டாவிட்டால் மேல் வகையில் போட்டுவிடுவார்கள், பிறகு பில்லைத் திருத்துவது நீண்ட வேலை. மெடிகல் எய்ட் உள்ளவருக்கு அரசு மருத்துவமனையிலும் முழுக் கட்டணம் உண்டு. வருகை விசாவில் அப்பா அம்மாவை வரவழைத்திருப்பவர்கள் முழுக் கட்டணத்துக்குத் தயாராக இருங்கள். பயணக் காப்பீடு பழைய நோயைப் பெரும்பாலும் ஏற்காது.

தனியார் வழியில், பதிவு செய்யும்போதே எழுத்தில் விலைக் குறிப்பு கேளுங்கள். ஸ்கேன் கட்டணம், கதிரியக்க மருந்து, தேவைப்பட்டால் ஸ்பெக்ட்-சிடி (முப்பரிமாணக் கூடுதல் படம்), மருத்துவர் ரிப்போர்ட் என்று நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். மருந்து வேறு பில்லிலும் ஸ்பெக்ட்-சிடி வேறு குறியீட்டிலும் வருவதால், முதலில் போனில் சொன்ன தொகைக்கும் கடைசித் தொகைக்கும் பெரும் இடைவெளி விழுவதுண்டு.

மெடிகல் எய்ட் இருந்தால் வரிசை இப்படி: முதலில் அவர்களுடைய புற்றுநோய்த் திட்டத்தில் பதிவு, பயாப்சி ரிப்போர்ட்டோடு. பிறகு ஸ்கேனுக்கு முன் அனுமதி எண். பிறகு அவர்கள் பட்டியலில் உள்ள மையமா என்று உறுதி செய்வது. இல்லையென்றால் உங்கள் கையிலிருந்து ஒரு பகுதி போகும். அனுமதி எண்ணில் ஸ்பெக்ட்-சிடியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி எல்லா மெடிகல் எய்டும் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சச் சலுகைகள் உண்டு. பிஎம்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். "குணப்படுத்தக்கூடிய திடக்கட்டி" அதில் வருகிறது. தூரப் பரவல் இல்லாதது அந்த வரையறையின் ஒரு பகுதி. ஆனால் பரவியிருந்தாலும் ஐந்து ஆண்டு உயிர்வாழும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேல் என்று நன்கு நிறுவப்பட்ட சிகிச்சை இருந்தால் அதுவும் உள்ளே வரும். ஸ்கேனுக்கு முன்பே பரவிவிட்டது என்று சொல்லும் சி79.5 எழுதினால், "இது பிஎம்பியில் வராது" என்று மறுக்க அதுவே காரணமாகிவிடலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மருத்துவரிடம் ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் மெடிகல் எய்ட்களைக் கண்காணிக்கும் மெடிகல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணமில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 3 மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாத விலக்கும் போட முடியும். இன்னொரு பொறி: "ஹாஸ்பிட்டல் கேஷ்" என்று நாளொன்றுக்கு இவ்வளவு தருவதாக விற்கப்படும் பாலிசி மெடிகல் எய்ட் அல்ல. இந்த ஸ்கேனுக்கு அது ஒரு ரேண்ட்கூடத் தராது, ஏனென்றால் நீங்கள் படுக்கையில் சேரப்போவதில்லை.

5. தேதி வாங்கும்போது

டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அது மாலிப்டினம்-99 உள்ள ஜெனரேட்டரிலிருந்து தினமும் கறந்து எடுக்கப்படுகிறது. மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாவதால் ஜெனரேட்டரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் உள்ள சஃபாரி-1 அணு உலை இந்த மாலிப்டினத்தை உலகுக்கே தயாரித்துத் தரும் சில உலைகளில் ஒன்று. உங்கள் மருந்து உங்கள் நேரத்துக்காக அன்று காலை அளந்து தயாரிக்கப்படும். ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அது பலம் குறைந்துகொண்டே இருக்கும். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மருந்துச் செலவைக் கேட்கும் தனியார் மையங்கள் உண்டு.

ஸ்டேங்கர், போர்ட் ஷெப்ஸ்டோன் போன்ற தொலைவிலிருந்து வருபவர்கள் அரசு நோயாளிப் போக்குவரத்து வண்டிக்கு அனுப்பும் மருத்துவமனையிலேயே முன்பதிவு செய்ய வேண்டும். அந்த வண்டி எல்லோருடைய வேலையும் முடிந்தபிறகே திரும்பும், அதனால் சாப்பாடும் வலி மாத்திரையும் நாள் முழுவதற்கும் எடுத்துப் போங்கள். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்குக் கான்சா என்ற புற்றுநோய்த் தொண்டு அமைப்பு தங்கும் இல்லங்கள் நடத்துகிறது. இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

6. ஸ்கேன் நாள்

விரதம் வேண்டாம். பெட் (PET) ஸ்கேன் என்ற வேறு பரிசோதனைக்கு வெறும் வயிறு கேட்பார்கள்; எலும்பு ஸ்கேனுக்கு அப்படியில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பட்டினியாக வருபவர்கள் ஏராளம். காலைச் சாப்பாடு, சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் வழக்கம்போல். புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் மரக்கறி உணவைத் தொடர்வதில் சிக்கல் எதுவுமில்லை. ஆனால் காவடிக்காகவோ சனிக்கிழமைக்காகவோ தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்கள் அன்று அதைத் தளர்த்த வேண்டும், அல்லது வேறு நாள் வாங்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் ஊசிக்கு முன் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாயும் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். முந்தின நாளே கொஞ்சம் பால் பிழிந்து வைத்துக்கொண்டால் குழந்தை அழ வேண்டியதில்லை.

ஊசி போடும்போது கையைக் காட்டும் முன் யோசியுங்கள். மார்பக அறுவையில் அக்குள் முடிச்சு எடுத்த பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் வலியோ, அந்தப் பக்கக் கையும் வேண்டாம். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் அங்கேயே ஒரு பெரும் கரும்புள்ளி விழுந்து பக்கத்து எலும்பை மறைத்துவிடும். ஊசி ஏறும்போது எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்கு மருந்தின் கதிரியக்க அளவு பெரும்பாலும் 500 முதல் 740 மெகாபெக்கரல். உடம்பில் ஒன்றும் தெரியாது.

பிறகு 2 முதல் 4 மணி நேரக் காத்திருப்பு. இந்த நேரம்தான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. எலும்பில் ஒட்டாத மருந்து ரத்தத்திலிருந்து சிறுநீர் வழியாக வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீராவது குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். படமெடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை இடுப்பெலும்பின் நடுவே கருப்புப் பந்தாக உட்கார்ந்து பின்னாலுள்ளதை மறைக்கும்.

ஒரு சொட்டுச் சிறுநீர் உள்ளாடையிலோ தொடையிலோ பட்டாலும் எலும்புப் புள்ளி போலவே தெரியும். ஆண்கள் உட்கார்ந்து கழிப்பது நல்லது. கையைச் சோப்பால் கழுவுங்கள், மாற்று உள்ளாடையும் டயப்பரும் பையில் இருக்கட்டும். குழாய் போட்டு வெளியே சிறுநீர்ப் பை கட்டியவர்கள் படத்துக்கு முன் அதைக் காலி செய்து இடுப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

நகை, சாவி, சில்லறை, பெல்ட், இடுப்பில் கட்டிய தாயத்து, அரைஞாண் வெள்ளிக்கொடி எல்லாம் கதிரை மறைத்து வெள்ளை ஓட்டை போல விழும். கனமான தாலிச் சரட்டை வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி வந்தால் அங்கே மனக்கஷ்டம் இல்லை.

படுக்கையில் 20 முதல் 40 நிமிடம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். எம்ஆர்ஐ போலக் குழாய்க்குள் போவதில்லை, சத்தமும் இல்லை. கேமரா முகத்துக்கு மிக நெருங்கி வரும், தொடாது. முதுகுவலி உள்ளவர்கள் வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், முழங்காலுக்கடியில் தலையணை கேளுங்கள். "இன்னொரு படம்" என்று ஸ்பெக்ட்-சிடிக்குக் கூப்பிட்டால் பயந்துவிடாதீர்கள். ஒரு புள்ளி எலும்பின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று முப்பரிமாணத்தில் பார்ப்பதற்கு அது. நல்ல செய்தியை உறுதி செய்யவும் அதையேதான் செய்வார்கள்.

ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த அம்மாவோடு ஒருவர் கட்டாயம் கூட இருங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் துணைக்கு வேண்டாம்.

7. வீட்டுக்கு வந்தபின்

கதிர் அளவு சுமார் 3 முதல் 4 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே மனிதருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 வருகிறது. 24 மணி நேரத்தில் மருந்தின் கதிர் தானாகவே பதினாறில் ஒரு பங்காகிவிடும், சிறுநீரில் போனது தனி. அன்று மட்டும் தண்ணீர் நிறையக் குடியுங்கள், கழிப்பறையில் இரண்டு முறை நீர் விடுங்கள், கைக்குழந்தையை மடியில் வைத்துத் தூங்கவைப்பதைத் தள்ளிப்போடுங்கள். தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை. பாட்டியை வீட்டில் ஒதுக்கி வைக்கும் கொடுமையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்த சில நாளில் விமானப் பயணம் இருந்தால் ஸ்கேன் தேதியும் மருந்தின் பெயரும் போட்ட கடிதம் கேட்டு வாங்குங்கள். கதிர் உணரும் கருவிகள் மிகச் சிறிய மீதத்தைக்கூடக் கண்டுபிடிக்கும்.

8. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

"அதிகரித்த அப்டேக்" (அங்கே மருந்து அதிகம் ஒட்டியது) என்ற சொல்லைக் கண்டதும் புற்று என்று முடிவு கட்டாதீர்கள். முழங்கால், தோள், கழுத்து, கீழ்முதுகில் "டீஜெனரேடிவ்" என்று வந்தால் அது தேய்மானம். அடுத்தடுத்த விலா எலும்புகளில் வரிசையாகப் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் அடிபட்டது. ஒரே விலாவில் நீளவாக்கில் ஓடினால் சந்தேகம் கூடும். முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடையெலும்பின் மேல்பகுதி என்று பல இடங்களில் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால்தான் பரவலின் சாயல். "ஈக்விவோகல்" என்றால் இதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று பொருள். அந்த இடத்துக்கு எம்ஆர்ஐயோ சிடியோ, சில நேரம் பயாப்சியோ கேட்பார்கள்.

"சூப்பர்ஸ்கேன்" என்ற சொல் காதுக்கு நன்றாக இருக்கும். அது நல்லதல்ல. எலும்பு முழுவதும் மருந்தை இழுத்துக்கொண்டு, சிறுநீரகம் ஏறக்குறையத் தெரியாமல் போவதைச் சொல்கிறது. பரவலான நோயிலும் சில ஹார்மோன் கோளாறுகளிலும் அப்படி வரும்.

புதுச் சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் புள்ளிகள் இன்னும் கருத்தோ கூடியோ தெரியலாம். எலும்பு ஆறும்போதும் மருந்தை அதிகம் இழுக்கும் என்பதே காரணம். ஃப்ளேர் என்பார்கள். அதைப் பார்த்து வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பிஎஸ்ஏ இறங்குகிறதா, வலி குறைகிறதா என்பதோடு சேர்த்துப் பார்க்கும்படி புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே மையத்தில் எடுங்கள். வேறு இடமென்றால் இந்த முறை வாங்கிய குறுந்தட்டை, மேலே தேதியை மார்க்கரால் எழுதி, முதல் காகிதமாகக் கவுன்டரில் நீட்டுங்கள்.